முழங்கைக்கு மேலே இரண்டு விரல்கள்

கார்த்திகையில் அக்காவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை கீழ்புத்துப்பட்டுக்காரர். புதுச்சேரியில் ஒரு பைக் ஷோரூமில் மேனேஜர். நிச்சயத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் நான் அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் பாயச வாளியோடு நின்றிருந்தேன். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது.

அக்கா யாரிடமோ தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். பேசினால் கையும் சேர்ந்து பேசும். பாதி வாக்கியத்தில் மாப்பிள்ளையின் கை நீண்டு, அவள் முழங்கைக்குச் சற்று மேலே இரண்டு விரல்களை வைத்தது. முன்னாலிருந்து பார்த்தவர்களுக்கு ஆசையாகத் தொட்டது மாதிரி இருந்திருக்கும். நான் பின்னால் இருந்தேன். நகம் பதிந்த இடத்தைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து அவர் பேச ஆரம்பித்தார், லேபைப் பற்றி இல்லை, ஷோரூமைப் பற்றி.

நான் மூன்று வருஷம் சைக்காலஜி படித்தவள். படித்து முடித்த ஜோரில் எனக்கு ஊரில் எல்லாருமே நோயாளிகள்தான். பால்காரருக்கு ஒரு பெயர் வைத்தேன், சித்தப்பாவுக்கு இரண்டு. மாப்பிள்ளைக்கு 'நார்சிஸம்' என்று அன்றைக்கே வைத்துவிட்டேன். ஒரு டாக்டர் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசிச் சொல்ல வேண்டியதை நான் ஒரு வாளிப் பாயசத்துக்குள் சொல்லி முடித்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் பயம் தப்பில்லை.

போனில் ஒரு நோட் திறந்து, அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எழுத ஆரம்பித்தேன். மற்றவர்கள் பேசும்போது அவர் பார்வை அவர்கள் தலைக்கு மேலே போகும், கண்ணாடி எங்கே இருக்கிறதென்று தேடுவது போல. யாரையாவது புகழ்ந்தால் இருமுவார், இல்லை சோம்பல் முறிப்பார். நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு உட்காருவார்; மொத்தக் கூடமும் அவர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த நொடியில் சிரிப்பு சுவிட்ச் போட்ட மாதிரி அணையும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"கைய புடிச்சிக்கினு பேசுறாரு, அது ஒரு குத்தமாடி? உங்கப்பன் இருபத்தாறு வருஷத்துல என் கைய புடிச்சது ஆஸ்பத்திரில ஊசி போடறப்பதான்."

"புடிக்கலம்மா. அமுக்குறாரு."

"படிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நான் அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல அந்த நோட்டில் அக்கா வர ஆரம்பித்தாள். ஜோக் சொன்னால் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கிறாள். போன் அடித்தால் எடுப்பதற்கு முன் துப்பட்டாவைச் சரிசெய்கிறாள், வீடியோ கால்கூட இல்லை. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொள்கிறாள். அவர் இல்லாத இடத்திலும் அவர் அவள் உடம்பில் இருந்தார். கல்யாணம் வைகாசியில். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் கையை யார் பார்ப்பார்கள்?

மார்கழியில் ஒரு மத்தியானம் நோட்டை அவளிடம் நீட்டினேன். முழுவதும் படித்தாள்.

"இவ்ளோ நேரம் அவரையே பாத்துக்கினு இருந்தியா? வேல தேடுடி மொதல்ல," என்றாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. "எனக்கு அனுப்பு," என்றாள்.

அனுப்பினேன். அவரிடம் எதையும் மறைத்து அக்காவுக்குப் பழக்கமில்லை. அக்கா அதை அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கிறாள், 'என் தங்கச்சிக்கு உங்க மேல இவ்ளோ டவுட்' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு அவர் வந்தபோது வேறு ஆளாக இருந்தார். நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தார். அப்பா பேசியபோது கண்ணையே பார்த்தார். என்னைப் புகழ்ந்து அம்மா என்னவோ சொன்னாள். இருமவில்லை, தலையை ஆட்டினார். கை இரண்டும் மடியில். அக்காவின் முகம் மலர்ந்துபோனது. என்னைப் பார்த்து, பாத்தியா என்று புருவத்தைத் தூக்கினாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பாவம், ஒரு மனுஷனை அநியாயமாக நினைத்துவிட்டோமே.

கரும்பை உள்ளே வைக்கப் போனேன். அவர் பின்னாலேயே தண்ணீர் குடிக்க வந்தார். சொம்பை வைத்துவிட்டு, என் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"மச்சினிச்சி, கரெக்டா பண்றனா? எதுனா உட்டுட்டனா?"

சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார். நான் கரும்பைப் பிடித்தபடி நின்றேன். என் லிஸ்ட் அவருக்குப் பாடப் புத்தகம் ஆகிவிட்டது. இனி நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை, நல்லவராக நடிப்பதற்கு நானே கோச்சிங் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது அவருக்குப் போகும்.

தை பாதியில் அளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தோம். அப்பா குத்தகைக்கு எடுத்த உப்பளம் மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துச் சிமெண்டு மாதிரி இறுக்க வேண்டும். தரையில் ஒரு குழி இருந்தாலும் அங்கே சேறு கலங்கி உப்பு கறுத்துப்போகும். மிதித்து முடித்த பாத்தியில் நாய் இறங்கினால்கூட அப்பா கத்துவார். சின்ன வயசில் நான் ஒரே ஒரு கால்தடம் வைத்ததற்கு மண்ணாங்கட்டி எடுத்து எறிந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை அளத்தைப் பார்க்கவென்று வந்தார். அப்பா, அக்கா, நான், கூலிக்கு இரண்டு பேர். பத்து நாள் மிதித்த பாத்தி ஈரம் காயாமல் வெயிலில் தகதகவென்று மின்னியது. அவர் வரப்பில் நின்று அதில் தெரிந்த தன்னையே சற்று நேரம் பார்த்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஷூவோடு பாத்திக்குள் இறங்கினார்.

"இங்க நிக்கிறேன், எடு. வானம் தெரியணும்."

"மாப்ள…" என்றார் அப்பா. கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். மண்ணாங்கட்டி எறிந்த அப்பா. அக்காவின் உடம்பில் நான் பார்த்தது அப்பாவுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது.

அக்கா வரப்பில் நின்றிருந்தாள். "ஏங்க, மேல ஏறுங்க. அப்பா மிதிச்ச எடம்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் நீண்டது, இரண்டு விரல் சேர்ந்து. ஆனால் அக்கா எட்டாத தூரத்தில் இருந்தாள். விரல்கள் காற்றில் எதையோ கிள்ளப் போவது மாதிரி நின்றன. என் லிஸ்டில் அந்த விரல்களும் இருந்தன. அவர் மறந்திருந்தார்.

வரப்பில் ஏறிச் சுற்றி வந்திருக்கலாம். பாத்தியின் குறுக்காகவே நடந்து வந்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஷூ 'பச்' என்று பதிந்து எழுந்தது. நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். அக்கா நகரவில்லை. அவர் ஏறி, அவள் முழங்கைக்கு மேலே பிடித்து, செல்லமாகக் கேட்டார்.

"இன்னா சொன்ன?"

அக்காவின் மடங்கிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளியே வந்தது.

"அப்பா," என்றாள் சத்தமாக. "கை வலிக்குதுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். மிதித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நின்றார்கள். அப்பா கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"மாப்ள, கைய எடுங்க."

"சும்மா வெளையாட்டுக்கு மாமா…"

"எடுங்கன்றன் இல்ல."

எடுத்தார். போனை வாங்க என்னிடம் வந்தபோதுதான் அந்தச் சிரிப்பில்லாத முகத்தை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். கோபம்கூட இல்லை. வெறுமனே என்னை அளவெடுத்தது.

"இதையும் எழுதிக்க," என்றார்.

கல்யாணம் நின்றது. எளிதாக இல்லை. அம்மா நான்கு நாள் சாப்பிடவில்லை, சொந்தக்காரர்கள் 'ஒரு கால்தடத்துக்கா' என்று கேட்டார்கள். அக்கா சட்டைக் கையைச் சுருட்டி அம்மாவிடம் காட்டினாள். பச்சையாகவும் மஞ்சளாகவும், புதுசும் பழசுமாக. அம்மா எழுந்துபோய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பாத்தியைத் திரும்பவும் மிதித்தோம். நோட்டை அழித்துவிட்டேன்.

போன வாரம் ஈசிஆரில் நானும் அக்காவும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். ஒரு புது பைக் எங்களைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. ஹெல்மெட் திரும்பியது. ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கை உயர்ந்தது, இரண்டு விரல் சேர்த்து, சலாம் போடுவது போல. அவரா, வேறு யாரோவா, தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"அவரா?" என்றேன்.

"தெரியாது," என்றாள். "வண்டி நம்பர நோட் பண்ணிக்க."