வடாம் டப்பாவில் வளர்ந்த புழு

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே ஊறுகாயையும் செய்திச் சேனலையும் விடச் சொன்னார். இரண்டையும் விட்டால் அப்புறம் எதற்கு உயிரோடு இருப்பது என்று யோசித்து, சேனலை மட்டும் விட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. காலையில் அவள் கிளம்பிப் போனதும் நானும் அணைத்து வைத்த டிவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"இப்படிச் சும்மா உட்காராதீங்க. தோட்டத்தையாவது பாருங்க. மனசுக்கு அமைதியா இருக்கும்" என்றாள்.

தோட்டம் என்று அவள் சொன்னது ஒரு மரியாதைக்கு. மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் சின்ன அடுக்ககத்தின் தரைத்தளத்தில், எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, பில்டர் மறந்துபோய் சிமெண்ட் போடாமல் விட்ட மண் அது. ஒருவர் நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் நந்தியாவட்டைக்குள் நுழைந்து வழிவிட வேண்டும். ஒரு செம்பருத்தி உண்டு, அதை மாவுப்பூச்சிகள் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிறது. கொஞ்சம் இட்லிப் பூ. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி. அப்புறம் அந்தக் கறிவேப்பிலை மரம். பேருக்குத்தான் எங்கள் மரம். மாடியில் இருக்கும் பாட்டு மாமி தினமும் கீழே வந்து, எங்களைக் கேட்காமல், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, "ரெண்டு ஈர்க்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு போவார்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்த் தொட்டி மூடிமேல் போட்டு உட்கார்ந்தேன். அமைதியைத் தேடித்தான் போனேன்.

முதல் நாளே ஒரு குளவி பச்சைப்புழு ஒன்றைப் பிடித்து, வெற்றிலைக்குப் பாக்கு நறுக்குகிறவரைப் போல நிதானமாக நறுக்கி, உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு பறந்தது. ஓணான் ஒன்று அந்தப் பக்கம் வந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியை வாயில் வைத்துக்கொண்டு, இறக்கை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மீசை முளைத்த போலீஸ்காரர் மாதிரி என்னையே முறைத்தது. இட்லிப் பூவுக்குள் ஒளிந்திருந்த சிலந்தி தேன் குடிக்க வந்த தேனீயின் கழுத்தைப் பிடித்தது. பிடித்த பிறகு விடவே இல்லை. இயற்கை அன்னை என்று உருகுகிறவர்கள் ஒரு செடியைத் தொடர்ந்து கொஞ்ச நேரம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. செய்திச் சேனலில் கூட நடுவில் விளம்பரம் போடுவார்கள்.

சாயங்காலம் மனைவி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினைக் கையில் மாட்டிவிட்டாள். ஏறியிருந்தது.

"எப்படிங்க ஏறும்? நாள் பூரா செடியைத்தானே பார்த்தீங்க?"

"அங்க நடக்கிறதை நீ பார்க்கணும்" என்றேன்.

ஆனாலும் மறுநாளும் போய் உட்கார்ந்தேன். பழைய பழக்கம் சேனல் மாறினாலும் விடாது போலிருக்கிறது. இப்படியே போனதில் கண் பழகிவிட்டது. கறிவேப்பிலைத் தளிரில் காக்காய் எச்சம் என்று நினைத்திருந்த ஒன்று ஒருநாள் நகர்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் புழு. யாரும் தின்னக்கூடாது என்பதற்காகப் பிறந்ததிலிருந்து எச்சம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பச்சைச் சட்டைக்கு மாறிவிடுகிறது. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டையை நீட்டி, அழுகிய நார்த்தங்காய் வாசனையைக் கிளப்புகிறது. கறிவேப்பிலை அழகி என்று அதன் பட்டாம்பூச்சிக்குப் பெயர் என போனில் தேடித் தெரிந்துகொண்டேன். கருப்பு இறக்கை, பின்பக்கம் வெள்ளைப் பொட்டுகள். எங்கள் ஜன்னலைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறது. நான்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் துணி கொடுக்க வந்தபோது நான் மரத்துக்குள் தலையை விட்டிருந்தேன்.

"இன்னா சார், ரிட்டேர் ஆனதுலேந்து செடியாண்டயே நின்னுகினு கீறீங்க. வூட்ல எதுனா பிரச்னையா?"

"ஒண்ணுமில்லைப்பா. புழு பார்க்கிறேன்."

அவர் துணியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, "அம்மா வந்தா பேசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மரத்தில் அப்போது நாலைந்து புழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றைக் குளவி கொண்டுபோனது. இரண்டைக் கொண்டைக்குருவிகள் பங்கு போட்டுக்கொண்டன. கடைசிக்கு முந்தினதைத் தின்றது ஒரு செம்போத்து. செக்கச்செவேலென்ற இறக்கையும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாகச் சுவரிலிருந்து குதித்து வந்து, ஒரே வாய். மாடி பால்கனியில் நின்ற மாமி இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காலங்கார்த்தால செம்போத்து தரிசனம். இன்னிக்கு நல்லது நடக்கப் போறது பாருங்கோ."

புழுவுக்கு நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மிச்சமிருந்த ஒன்றை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போய், வடாம் போட்டு வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, வடாமை ஒரு தாம்பாளத்தில் கொட்டிவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து, புழுவைக் கிளையோடு அதற்குள் குடியேற்றினேன். வாய்க்குப் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி ஜன்னல் ஓரம் வைத்தேன். மனைவி வந்து முதலில் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணு பிறந்தப்ப ஒரு நாளாவது நீங்க துணி மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"அப்ப ஆபீஸ் இருந்தது."

"ஓஹோ" என்றாள். எங்கள் வீட்டில் ஓஹோவுக்கு அப்பீல் கிடையாது.

தினமும் புதுத் தளிர் பறித்துப் போட்டேன். காகிதத்தை மாற்றினேன். தின்கிற வேகத்துக்கு அது மிளகு மிளகாகப் போட்டுத் தள்ளியது. தளிரெல்லாம் இப்படிப் போக, மாமிக்கு முற்றின இலைதான் கிடைத்தது. ஒருநாள் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"ஏன் சார், ரசத்துக்குக் கிள்ளிப் போட ஒரு கொழுந்து இல்ல. மரத்த மொட்டை அடிச்சிருக்கேள். என்ன வேண்டுதல்?"

உள்ளே கூட்டிப்போய் டப்பாவைக் காட்டினேன். மாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கருமம். இதுக்கா?"

"பட்டாம்பூச்சி ஆகும் மாமி."

"ஆகட்டும். ஆனப்புறம் சொல்லுங்கோ, வந்து பாக்கறேன். இப்ப பாக்கச் சகிக்கல."

சில நாளில் புழு தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவுக்குள் அங்குமிங்கும் அலைந்தது. கிளையின் அடிப்பக்கம் ஒரு இடத்தைப் பிடித்து, முதுகைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, மின்கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்துகொள்ளும் லைன்மேனைப் போலச் சாய்ந்து நின்றது. அப்படியே அசையாமல் நின்றதால், காற்றோட்டம் வேண்டுமே என்று வலையை அவிழ்த்து வைத்தேன். அன்று மத்தியானம் அதன் முதுகில் கொசுவைவிடச் சின்னதாக, பச்சையாக மினுக்கிக்கொண்டு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. ஊதினேன். போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. தனியாக இருக்கிறதே, துணைக்கு யாரோ வந்திருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அது கூட்டுப்புழுவாகியிருந்தது. இளம்பச்சை, கூராக இரண்டு கொம்பு. நான் கொடுத்த விளம்பரம் கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தினமும் படம் அனுப்பினேன். அவள் கட்டைவிரல் தூக்கும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். வெளியே வருவதற்கு முந்தின நாள் கூடு கருத்துவிடும் என்று படித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பார்த்தால் கூடு பழுப்பாகியிருந்தது. கருப்பில்லை, பழைய வெல்லத்தின் நிறம். ஆனால் நிறம் மாறிவிட்டதே. நாளைக் காலை என்று மனைவியிடம் அறிவித்தேன். மாடிக்கும் ஏறிப் போய்ச் சொன்னேன். இஸ்திரிக்காரரிடமும் சொன்னேன். அவர் என் மனைவியிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமி குளித்து, நெற்றியில் பளிச்சென்று குங்குமம் வைத்துக்கொண்டு, பாட்டு கற்றுக்கொள்ள வந்திருந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மனைவி எல்லோருக்கும் காபி போட்டாள். டப்பாவைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்து, சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான் சிறகு விரிவதைப் பற்றி, ஈரம் காய்வதைப் பற்றி, இரண்டு மூன்று வாக்கியம் பேசினேன். ஒரு பெண் போனை வீடியோவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

காபி ஆறியது. மாமி ஒரு கொட்டாவியைப் பாதியில் மடக்கினார்.

அப்போது கூட்டின் பக்கவாட்டில் ஊசியால் குத்தினாற்போல ஒரு துளை தெரிந்தது. அதிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என்ன இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் முழுசாக வெளியே வந்து, பச்சையாக மினுக்கிக்கொண்டு, கிளைமேல் நடந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெளியே வருகிறவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், கையைக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தன. என் புழுவைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன பூச்சி?" என்று மாமி கேட்டார்.

"குளவி ஜாதி மாமி. சின்னக் குளவி. முதுகுல உட்கார்ந்து முட்டை வச்சிட்டுப் போயிருக்கு" என்றேன்.

மாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நன்னாருக்கு. என் கறிவேப்பிலையப் பூரா பறிச்சுப் போட்டு, பட்டாம்பூச்சி வரது வாங்கோன்னு கூப்ட்டு, குளவிக்குப் பிரசவம் பாத்திருக்கேள்."

அந்தப் பெண்கள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹால் வரை போய், அங்கே அடக்க முடியாமல் விட்டார்கள். மனைவி சிரிக்கவில்லை. அவள் குனிந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இத்தனை பேரும் அதுக்குள்ளயா இருந்தாங்க?" என்றாள். "எப்படிங்க இடம் பத்துச்சு?"

கணக்கு டீச்சரின் துக்கம் அந்த அளவோடு சரி. எனக்கு அப்படி இல்லை. சொல்லப்போனால் வெட்கமாக இருக்கிறது, ஒரு புழுவுக்காக அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. வெளியே விட்டிருந்தால் செம்போத்தாவது ஒரே வாயில் தின்றிருக்கும். நான் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து, காற்றோட்டம் கொடுத்து, துணைக்கு ஆள் வைத்து, மெதுமெதுவாகத் தின்னக் கொடுத்திருக்கிறேன். அவள் என் எதிரே ஒரு தட்டில் தயிர்சாதமும் டாக்டர் விடச் சொன்ன ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தக் குளவிக்கும் ஒரு அம்மா இருந்திருக்கா இல்ல. அவளுக்கு நீங்க எவ்வளவு உதவி பண்ணியிருக்கீங்க" என்றாள். ஆறுதலா, கிண்டலா என்று இன்றுவரை கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

டப்பாவைத் தொட்டி மூடிமேல் கொண்டுபோய்த் திறந்து வைத்தோம். பறந்ததா என்றுகூடத் தெரியாத அளவுக்குச் சின்னவை, போய்விட்டன. அதற்கப்புறம் நான் எதையும் உள்ளே எடுத்து வரவில்லை. நாற்காலியில் உட்கார்வேன், பார்ப்பேன், யார் யாரைத் தின்றாலும் எழுந்திருக்க மாட்டேன். மரம் மறுபடி தளிர்விட்டது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது, மாத்திரையாலோ என்னவோ.

மழைக்காலம் முடிந்த சமயம் மாமி ஒருநாள் பால்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"சார், என் எலுமிச்சந் தொட்டில உங்காத்து ஜந்து ஒண்ணு ஊர்றது. வந்து எடுத்துண்டு போங்கோ."

"வேண்டாம் மாமி. அங்கேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? எலய யார் திம்பா, நானா?"

"நசுக்கிடாதீங்க, அவ்வளவுதான்."

மாமி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் அதை மறந்துவிட்டேன். ஒரு காலையில் வாசல் மணி அடித்தது. மாமி, கையில் போனுடன். முகத்தில் வழக்கத்தில் இல்லாத ஒரு பவிசு.

"பாருங்கோ."

படத்தில் முக்கால்வாசி அவருடைய கட்டைவிரல். மீதியில் துணி காயப்போடும் கொடி, அதில் ஒரு ஈரத் துண்டு, துண்டின் ஓரத்தில் கருப்பாக, வெள்ளைப் பொட்டுகளுடன், கசங்கினது பிரிந்துகொண்டிருக்கும் ஒரு இறக்கை.

"காபி கலக்கப் போனேன். வந்து பாக்கறேன், துண்டுல உக்காந்துண்டு இருக்கு. என்னைப் பாத்துது சார். கொஞ்ச நாழி இருந்துட்டு, பிள்ளையார் கோவில் பக்கமா போயிடுத்து. நான் ஒண்ணுமே பண்ணல. தொட்டிக்குத் தண்ணி விடக்கூட மறந்துபோய்ட்டேன்."

"ரொம்ப நல்லாயிருக்கு மாமி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

மாமி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு படியேறினார். பாதியில் நின்று, யோசித்து, கைப்பிடிமேல் குனிந்து சொன்னார்.

"நீங்க ரொம்பக் கிட்டக்கப் போய்ப் பாத்துண்டே இருந்தேளோன்னோ, அதான். அதுக்கும் கூச்சம் இருக்காதா?"

சமையலறையில் மனைவி குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டாள். அப்படியும் அவள் சிரிப்பது கேட்டது.