மாலா அன்ரியின் மெரூன் பைக்

பெயின்ற் அடித்த பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது பெயின்ற் அடித்தவனைத்தான். இந்தத் தொழிலில் வதைபடும் என் சகபாடிகளே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டாவது உதை

மாலா அன்ரி பன்னிரண்டாவது தரம் உதைத்தா. பைக் இருமக்கூட இல்லை. முதலாளி சேகரண்ணை கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அன்ரி மல்கிரேவில் இருக்கிற ஆள், வயது ஐம்பத்தெட்டு. எழுபதுகளின் ஜப்பான் பைக் ஒன்றை ஒரு பண்ணைக் கொட்டிலில் கண்டுபிடித்து, நோபல் பார்க்கில் இருக்கும் சேகரண்ணையின் கராஜுக்கு ஏற்றி வந்தவ. பழைய பைக் காட்சிக்குத் தானே ஓடிக்கொண்டு போவாவாம். பெயின்ற் அடித்ததும் நான், திரும்பப் பூட்டியதும் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னை அண்ணை மூன்று மாதம் சும்மா பார்ப்போம் என்று எடுத்திருந்தார். பைக் காட்சியில் தேறினால், என்னைத் தொழில் பழக எடுக்கும் அப்ரென்டிஸ் பேப்பரில் அண்ணையின் கையெழுத்து. தேறாவிட்டால், அம்மா ஏற்கெனவே அயர்ன் பண்ணி வைத்திருக்கிற பள்ளிக்கூட யூனிபோர்ம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி இல்லை. வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனபோதுதான் விளங்கியது. பைக்கின் இரும்புச் சட்டம் முழுக்க மூன்று பூச்சு கறுப்பு அடித்த நான், எர்த் வயர் பூட்டும் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. பெயின்றுக்கு மேலே நட்டை இறுக்கினால் கரண்ட் எப்படிப் போகும்? என்னுடைய பளபளப்பை நானே நகமளவுக்கு இரும்பு தெரியச் சுரண்டினேன். அடுத்த உதைக்குக் கராஜே அதிர்ந்தது. நான் துள்ளிக் குதித்துக் கத்தினேன். அன்ரி ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னா: “வடிவாத்தான் அடிச்சிருக்கிறாய் தம்பி, கரண்டும் போகேலாத அளவுக்கு.”

டாங்கில் ஒரு பொட்டு

புதுப் பெயின்ற் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே இறுக நாலு கிழமை வேணும். அதுவரை துடைக்க வேண்டாம், ஒன்றும் பூச வேண்டாம் என்று அன்ரிக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். “ஓம் ஓம்” என்றா. நேரே கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு ஓடிப் போய்ப் பூசை செய்வித்தா. ஐயர் வழமைப்படி தேசிக்காயைச் சில்லுக்குக் கீழே வைத்து, பெற்றோல் டாங்கின் நடுவில் சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். வெயிலில் அது அப்படியே ஊறிவிட்டது. காட்சிக்கு ஐந்து நாள் இருக்க, மெரூன் டாங்கில் ஐந்து சதக் காசளவுக்குச் சிவப்புக் கறையோடு வந்து நின்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “சொன்னனான்தானே அன்ரி!” என்று கத்தியே விட்டேன். பிறகு ஆகமெல்லிய உரசுதாளைத் தண்ணீரில் நனைத்து, மேலே பளபளப்புக்கு அடித்த லக்கரை மட்டும் தேய்த்தேன். கொஞ்சம் கூடினால் கீழே இருக்கும் தங்கக் கோடு போய்விடும். மூச்சுவிடாமல் தேய்த்தேன் என்றால் நம்புங்கள். கறை போனது, கோடு நின்றது. புது லக்கர் அடித்துத் திரும்பக் கொடுத்தபோது, அன்ரி டாங்கில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டா: “அதுக்கு, கடவுளை நாலு கிழமை கழிச்சு வாங்கோ எண்டோ சொல்லுறது?”

அரை மில்லிமீற்றர்

அந்தப் பைக்கின் தங்கக் கோடுகளை அந்தக் காலத்தில் கையால் இழுத்திருக்கிறார்கள். பழைய பெயின்றை உரித்தெடுக்க முதல் நான் படம் எடுத்து அளந்து வைத்தேன். இடப்பக்கக் கோடு நாலு மில்லிமீற்றர், வலப்பக்கம் மூன்றரை. அப்படியே அடித்தேன். சும்மா பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

காட்சியில் நடுவர் சும்மா பார்க்கவில்லை. சட்டைப்பையில் இருந்து சின்ன ஸ்கேலை எடுத்து இரண்டு பக்கமும் வைத்தார், புருவத்தைத் தூக்கினார். அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அன்ரி, நான் எடுத்துக் கொடுத்திருந்த பழைய படத்தை நீட்டினா. மனிசன் படத்தைப் பார்த்தார், டாங்கைப் பார்த்தார், திரும்பவும் அளந்தார். பிறகு முழங்காலூன்றி எர்த் வயருக்குக் கீழே நான் சுரண்டிய இடத்தையும் பார்த்துத் தலையாட்டினார். முதற்பரிசு நாடா அன்ரியின் ஹாண்டிலில் ஏறியது. “ஹூ டிட் த லைன்ஸ்?” என்று அவர் கேட்க, அப்ரென்டிஸ் பேப்பரில் இன்னும் பேனையே வைக்காத எங்கள் சேகரண்ணை என் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: “ஹிம். மை அப்ரென்டிஸ்.”

இதே அண்ணைதான் முதற்கிழமை, “ரெண்டு கோட்டையும் ஒரே அகலத்திலை அடி, இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதை” என்றவர். நான் ஒரே அகலத்தில் அடிக்கவும் இல்லை, வேலைக்குப் போகாமல் நிற்கவும் இல்லை.