மடுவுக்குக் கொண்டுபோன கெண்டைகள்

தூண்டில் முள்ளை விற்றுவிட்டு, வாங்கியவர் கண்ணெதிரிலேயே அதைக் குறட்டால் நசுக்கிக் கொடுத்த கடைக்காரரை நான் குமாரபாளையத்தில்தான் பார்த்தேன். முள்ளின் நுனிக்குக் கீழே சின்னதாக ஓர் எதிர்முள் இருக்கும். மாட்டிய மீன் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதை நசுக்கிவிட்டால் மீனைக் காயமில்லாமல் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிடலாம். வாங்க வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். “ஏனுங்க பாய், கத்தி வித்தாலும் மொனையை மழுக்கித்தான் குடுப்பீங்களா?” என்று ஒருவர் கேட்டார். “மீனு இருந்தாத்தானுங்க நாளைக்கும் எங்கிட்ட முள்ளு வாங்க வருவீங்க,” என்றார் பாய். வியாபாரம் மாதிரி பேசினாலும் அவருக்கு வியாபாரம் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

எனக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு காவிரிக்கு வந்துவிடுவேன். ஒரு பெண் தூண்டில் போடுவதைப் பார்க்க, மீனைவிட அதிகமாக மனிதர்கள் கூடினார்கள். அந்தத் தொல்லை இல்லாத இடமாகக் காட்டச் சொல்லி, என்னை ஒரு பரிசல்காரரிடம் சேர்த்துவிட்டவர் பாய்தான். வெளியூரிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களை மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது அந்தப் பரிசல்காரரின் பிழைப்பு. அப்போதெல்லாம் ஆற்றுக் கெண்டை குறைந்துபோனதற்குப் பரிசல்காரர்கள் தூண்டில் போடும் எங்களைத் திட்டினார்கள், நாங்கள் அவர்களுடைய வலையைத் திட்டினோம். இரண்டு தரப்பையும் ஒருநாள் கடைக்கு வரவழைத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தே பாய் ஒன்றாக்கிவிட்டார். சினை மீனை யாரும் எடுப்பதில்லை என்று முடிவானது. வாக்குக் கொடுத்த வாயில் வடை இருந்ததால் நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் எல்லோரும் சொன்னபடியே நடந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக ஆற்றின் குறுக்கே இருக்கும் கதவணையைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவார்கள். அப்போது பாறைகளுக்கு நடுவே அங்கங்கே குட்டைகள் மிஞ்சும். மீன்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். ஓமலூர் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் பையோடு வந்து கையாலேயே அள்ளிப் போவார்கள். அந்த வருடம் பாய், “குட்டையில கெடக்கற கெண்டைங்களை மடுவுல கொண்டுபோயி உட்டுரலாமுங்க,” என்றார். மடு என்பது ஆற்றின் நடுவே எந்தக் கோடையிலும் வற்றாத ஆழம். லாரித் தார்ப்பாயில் தண்ணீர் ஊற்றி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு, பாறைமேல் வழுக்கி வழுக்கி நடந்தோம். பாய்க்கு முட்டிவலி. ஆனாலும் ஒரு மூலையை அவர் விடவில்லை. ஒவ்வொரு கெண்டையையும் மடுவில் இறக்கும்போது பரிசல்காரர், “போ சாமி, போ,” என்று சொல்வார். மாலையில் எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியதில்லை.

மறுநாள் காலையில் பரிசல்காரர் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மடு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது. நாங்கள் விட்ட கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. ஏதோ சாயப்பட்டறைத் தண்ணீர் சாக்கடை வழியாக வந்திருக்கிறது. ஆறு ஓடும் நாளில் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஓட்டமே இல்லாத அன்று வந்ததெல்லாம் மடுவிலேயே தங்கிவிட்டது. இத்தனை பேர் கூடினோமே, இது ஒருவருக்கும் தோன்றவில்லை. பாய் முழங்கால் ஆழத்தில் நின்று ஒவ்வொரு மீனாகத் திருப்பிச் செவுள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “நாமதான் அம்மணி கொண்டாந்து உட்டோம்,” என்றார். புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு என்னவென்று இதுவரை எங்களுக்குத் தெரியாது.

பாய் போன வருடம் காலமாகிவிட்டார். போன வாரம் மறுபடியும் கதவணையைத் திறந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடாமலேயே எல்லோரும் வந்துவிட்டோம், தார்ப்பாயும் வந்திருந்தது. குட்டையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பரிசல்காரர் மடுவுக்குப் போய் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். “இப்பத்திக்கு நாத்தமில்லீங்க. ராத்திரிக்கு எப்படின்னு சொல்ல முடியாதுங்க. தூக்கட்டுங்களா அம்மணி?” என்றார். பாயோடு கூடவே இருந்தவள் என்பதற்காக எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. இங்கேயே விட்டால் மத்தியானத்துக்குள் வெயிலில் வெந்துவிடும், இல்லையென்றால் யாராவது பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சினையோடு ஒரு பெரிய கெண்டை நீந்தத் தண்ணீர் போதாமல் சாய்ந்து கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கினேன். மடுவின் விளிம்பு வரை கொண்டுபோய்விட்டேன். குனிந்து உள்ளே விட மனம் வரவில்லை. கையிலேயே வைத்திருக்கவும் முடியாது, அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.