எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கு மூன்று பேர் போனோம்

பிள்ளைகளை வளர்த்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்கிறேன், நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மே மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். பெரியவளுக்கு நாலு வயது. சின்னவனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. என் கணவருக்குப் பாரிமுனைப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் மின்சார ரயிலைப் பிடித்தாரென்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் பெருங்களத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, சின்னவன் பிறந்ததிலிருந்து சம்பளமில்லாத லீவில் வீட்டோடு கிடந்தேன். ஜூனில் பள்ளி திறக்கிற அன்றைக்கு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தாளாளர் சொல்லி அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எவ்வளவு நாள்தான் அவரும் பொறுப்பார்?

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டுமல்ல. கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நிற்கும். உட்காருங்கள் என்றால் உட்காரும். வீட்டில் இருந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்றுகூட என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் கடை. அவர் மனைவி என்னைவிட இளையவள், என்னை வாய் நிறைய அக்கா என்பாள். அவளுடைய பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டதால் பகலெல்லாம் வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். சின்னவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

"அவன விட்டுட்டு நீங்க நிம்மதியா போங்கக்கா. ரெண்டையும்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா பெரிய பேஜாருக்கா, என்னால ஆவாது."

அவள் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. ஒரு நாள் மதியம் போஸ்டாபீஸ் வரைக்கும் போக வேண்டி இரண்டையும் அவள் வீட்டில் விட்டிருந்தேன். திரும்பி வந்தால் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் சின்னவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். பெரியவள் முக்காலி மேல் ஏறி நின்று, ஆழாக்கில் அரிசியை அள்ளி அள்ளி அவன் தலையில் கொட்டுகிறாள். என்னடி இது என்றால், "தம்பிக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன், பேசாதீங்க" என்கிறாள். அந்த அரிசியை நான் புடைத்துக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் அவன் காதிலிருந்து இரண்டு அரிசி விழுந்தது.

ஆக, பெரியவள் பள்ளிக்கூடம் போனால் சின்னவன் பக்கத்து வீட்டுக்குப் போவான், நான் வேலைக்குப் போவேன். பெரியவள் போகாவிட்டால் யாரும் எங்கேயும் போக முடியாது. அந்த வயதுப் பிள்ளையைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்கிற இடம் எங்களுக்கு எட்டின தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு நர்சரி பள்ளி. அதில் சேர இன்டர்வியூ உண்டு. நாலு வயதுக் குழந்தைக்கு இன்டர்வியூ. கலெக்டர் வேலைக்கு எடுக்கிற மாதிரி.

ஏப்ரல் முழுக்க அவளைத் தயார் செய்தேன். மாவாட்டும்போது பேர், அப்பா பேர், தெருப் பேர். துணி துவைக்கும்போது நிறங்கள். சோறு ஊட்டும்போது கண், மூக்கு, காது எல்லாம் இங்கிலீஷில். தூங்கவைக்கும்போது ஓர் இங்கிலீஷ் பாட்டு. அவளும் கிளி மாதிரி சொன்னாள். சின்னவன் இடுப்பிலோ காலடியிலோ எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். இடையில் ஒரு நாள் அவன் அப்பாவின் சீசன் டிக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைத்தான். அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துக்கொண்டே நான் வாரத்தின் நாட்களைச் சொல்லிக்கொடுத்தேன்.

அப்போதுதான் மீன்காரம்மா ஒரு குண்டைப் போட்டாள். அவள் வேதக்காரி, கத்தோலிக்கச்சி. தினம் முதல் வியாபாரத்துக்குக் கூடையைத் திறக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வாள்.

"சாமி கும்புட தெரியுமானு கேப்பாங்கம்மா அங்க. உங்க ஆளுங்க சிலுவ போட மாட்டீங்கல்ல? கத்துக்குடு. பாப்பாவுக்கு சீட்டு தானா கெடிச்சிடும்."

நாங்கள் புராட்டஸ்டண்ட். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கை கூப்பினால் எங்கள் ஜெபம் முடிந்தது. சிலுவை போட எனக்கே தெரியாது. அந்தம்மாள்தான் வாசற்படியில் உட்கார்ந்து, செதில் ஒட்டின கையால் நெற்றி, நெஞ்சு, இந்தத் தோள், அந்தத் தோள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் அதைப் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எதிரே உட்காரவைத்து. நான் வலது கையால் போட்டால் அவள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடது கையால் போட்டாள். இத்தனை வருஷம் டீச்சராக இருந்தவளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிற புத்தி வரவில்லை. இடது கையை மறக்கடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் பாதிரி ஐயர் கைகளைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்கிறார். சபையே தலையைக் குனிந்து நிற்கிறது. என் கணவரின் தோளில் இருந்த சின்னவன், பின்வரிசையைப் பார்த்துப் பெரிதாக ஒரு சிலுவை போட்டான். பின்னால் இருந்தவர்கள் செருமினார்கள். இவர் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"என்ன பழக்கம் இதெல்லாம்? கர்த்தருக்குச் சித்தமானா சீட்டு கிடைக்கும். நீ ஏன் இந்த வேஷமெல்லாம் போடறே?"

"கர்த்தர் பார்த்துக்கட்டும். இன்டர்வியூ அன்னிக்கு நீங்க லீவு போட்டுச் சின்னவனப் பார்த்துக்குங்க, அது போதும்" என்றேன்.

ஆபீசில் ஆடிட் என்றார். எப்போதுமே ஆடிட்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நிக்காஹ்வுக்கு ஆம்பூர் போய்விட்டாள். ஆக நாங்கள் மூன்று பேருமாகத்தான் போனோம்.

அக்னி நட்சத்திர வெயில். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்தது, போயிற்று, இன்னொன்றும் வந்தது. பவுடர் எல்லாம் வழிந்து பெரியவளின் முகத்தில் கோடு கோடாக இறங்கியது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்த உடனே சின்னவன் டிரவுசரை நனைத்தான். மாற்று டிரவுசர் கொண்டுபோயிருந்தேன், நான் என்ன விவரமில்லாதவளா? மாற்றிவிட்டேன், அதையும் நனைத்தான். பையில் மிச்சம் இருந்தது பெரியவளுக்காக வைத்திருந்த கவுன் ஒன்றுதான். ரோஸ் நிறம், கழுத்தில் சரிகை வைத்தது. அதை அவனுக்கு மாட்டினேன், தரையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் இருந்தார். நல்ல முகம். "ரெண்டும் பொண்ணா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டிரவுசர் கதையை எல்லாம் அங்கே விவரிக்கவா முடியும்?

பெரியவளிடம் பேர் கேட்டார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் மின்விசிறியையே பார்த்தாள். மேஜை மேல் இருந்த சிவப்புப் பந்தைக் காட்டி நிறம் கேட்டார். சின்னவன் என் மடியிலிருந்து "லெட்டு" என்று கத்தினான். மூக்கு எங்கே என்றார். சின்னவன் தன் மூக்கைத் தொட்டான், பிறகு எம்பி சிஸ்டரின் மூக்கையும் தொட்டான். நான் மேஜைக்கு அடியில் பெரியவளின் தொடையைக் கிள்ளினேன். அவள் ஆ என்றுகூடச் சொல்லவில்லை.

"சாமி கும்பிடத் தெரியுமாம்மா?" என்று சிஸ்டர் கடைசியாகத் தமிழில் கேட்டார்.

பெரியவளின் கை அசையவில்லை. சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்து நெற்றியைத் தொட்டான், தொப்புளைத் தொட்டான். தோள் மறந்துவிட்டது போல. கொஞ்சம் யோசித்தான். பிறகு பக்கத்து வீட்டில் தினம் பார்க்கிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தி, எதையோ முணுமுணுத்து, முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டான். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"சின்னவள இப்பவே சேர்த்துக்கலாம் போலிருக்கே. பெரியவ பேசவே மாட்டேங்கறா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா."

"வீட்ல எல்லாம் சொல்லுவா சிஸ்டர். தலைகீழாச் சொல்லுவா."

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க."

நானும் எத்தனையோ அம்மாக்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்தபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக ஜூன், ஜூன் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு டிரவுசரும் திறக்காத ஒரு வாயும் சேர்ந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டன.

ரயில்வே கேட் மறுபடியும் சாத்தியிருந்தது. வெயிலில் நின்றபடியே கேட்டேன்.

"ஏண்டி, பேர் கூடவா மறந்துபோச்சு உனக்கு?"

"மறக்கல."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன அங்க விட்டுட்டு நீ வேற பசங்ககிட்ட போயிடுவல்ல."

ஒரு மாதமாக நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலாகப் பேசினதையெல்லாம் என் இடுப்புக்குக் கீழே நின்று இவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டு, நிறம், சிலுவை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அன்றைக்கு என்று வாயைப் பூட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. கோபம் வரவில்லை. கேட் திறந்து, ஜனங்கள் எல்லாம் கடந்துபோன பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ரோஸ் கவுன் இடத்தை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பிறகு முகத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டு, "கர்த்தருடைய சித்தம் அதுதான் போலிருக்கு" என்றார். யாருடைய சித்தம் என்று எனக்குத் தெரியும். அது முற்றத்தில் உட்கார்ந்து தம்பிக்கு மண் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது.

வேலைக்கு வர முடியாது என்று நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று பள்ளி திறந்த வாரம் பெருங்களத்தூர் போனேன். இரண்டையும் கூட்டிக்கொண்டுதான், வேறே வழி? தலைமையாசிரியையம்மாள் என்மேல் பிரியமுள்ளவர். அடுத்த வருஷமாவது பார்க்கலாம், ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்பதாகத்தான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஜூனில் வர முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருப்பேன். அதற்குள் பெரியவள் என் கையை விட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் போய் நேராக நின்றாள். யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். பேர், அப்பா பேர், தெரு, நிறங்கள், வாரத்தின் நாட்கள், ஒன்று முதல் இருபது வரை. இங்கிலீஷ் பாட்டை அபிநயத்தோடு பாடினாள். கடைசியில் வலது கையால், பிசகில்லாமல், ஒரு சிலுவை.

அம்மாளுக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. மேஜை டிராயரைத் திறந்து அவளுக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார், சின்னவனுக்கும் கொடுத்தார். அத்தனை வருஷமும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டவர் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு அழகா வளர்த்திருக்கீங்கம்மா. இப்படிப்பட்ட பிள்ளைய வீட்ல வெச்சுக்கிட்டு வேலைக்கு வர யாருக்கு மனசு வரும்? நீங்க எடுத்தது நல்ல முடிவும்மா. அடுத்த வருஷம் அது இதுன்னு நினைக்காதீங்க, இவ கூடவே இருங்க."

பெரியவள் பெப்பர்மிண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சரிங்கம்மா என்றேன்.