நகல் சாரும் நான்கு விரல் தண்ணீரும்

மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர் சனிக்கிழமை முற்பகலில் பி.வி.சி. குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். அறுப்பதற்கு முன் மூன்று முறை அளந்தார். அளந்ததைக் குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதற்கு நேரே தேதியும் போட்டார். கைக்கு வந்த எந்தத் தாளையும் நகல் எடுக்காமல் விடாதவர் என்பதால், அந்தக் கட்டடத்தில் அவருக்கு நகல் சார் என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைப்பதில்லை. அவரும் தெரியாததுபோல இருந்துகொண்டார்.

ஏழு மாதங்களாக அவர் மனத்தில் ஒரு முள் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, தைத்துத் தேய்த்து அடுக்கியிருந்த பதினெட்டுச் சீருடைகள் நனைந்துபோயின. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மேலேறி வந்தார், நகல் சார் வீட்டு மீன்தொட்டியை ஒரு பார்வை பார்த்தார், "வேற எங்கேருந்து சார் வரும்?" என்ற ஒரே கேள்வியில் விசாரணையை முடித்துக்கொண்டார்.

தொட்டியின் கண்ணாடியில் கசிவு இல்லை. அதை நகல் சார் நிரூபித்திருந்தார். நான்கு மூலைகளிலும் உலர்ந்த தாளை ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்து, உலர்ந்தபடியே கோப்பில் சேர்த்திருந்தார். அந்தக் கோப்பை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சங்கம் கடைசியாக ஒரு கடிதம் அனுப்பியது: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இனித் தண்ணீர் வராது என்று கீழ்வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் தொட்டி இருக்கலாம், இல்லையேல் அகற்ற வேண்டும்.

அகற்றுவது என்றால் ஐந்து மீன்களையும் அகற்றுவது. அவரும், தபால் நிலையத்தில் வேலைபார்க்கும் அவர் மனைவியும், மாலையில் வீடு திரும்பியதும் அந்தத் தொட்டியின் முன்தான் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். ஐந்தில் கொழுத்த ஆரஞ்சு நிற மீனுக்கு மனைவி வைத்த பெயர் மேனேஜர். "ஒரு வேலையும் செய்றதில்ல, எல்லார் பின்னாடியும் போய் ஒரு தடவ பார்த்துட்டு வருது" என்பாள்.

"குத்தம் நம்ம மேல இல்ல. இருந்தாலும் ஓவர்ஃப்ளோ குழாயைப் புதுசாப் பண்ணிக் காட்டிடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்கியிருந்தார்.

அமைப்பு எளிமையானது. மேலே கண்ணாடித் தொட்டி. கீழே மரப்பெட்டிக்குள், வடிகட்டும் பஞ்சும் மோட்டாரும் வைத்த கீழ்த்தொட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். ஏறிய தண்ணீர், விளிம்பைத் தாண்டி வளைந்த ஒரு குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். இதுவரை அந்த வேலையைச் செய்தது ஒரு சாதாரண ரப்பர் குழாய். அதன் வாய் தண்ணீருக்குள் நான்கு விரல் ஆழத்தில் இருந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமல், ஆய்வகத்தில் இருபது ஆண்டுகள் குடுவை கழுவியபடி கேட்ட பாடங்களை வைத்து அவரே செய்தது அது.

புதியதில் குழாயின் இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்தன. தொட்டிக்குள் இருக்கும் வாய், கோப்பைபோல நிமிர்ந்து, நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. வெளிப்புறக் குழாயும் முதலில் கீழே இறங்கி, அதே உயரத்துக்கு ஏறி, 'டீ' எனப்படும் மூன்று வாய் இணைப்பு ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் கீழ்த்தொட்டிக்குப் போனது. அந்த இணைப்பின் மேல்வாயைத் திறந்தே விட்டார். அதை மூடினால் காற்றுப் புகாமல் குழாய் கண்மண் தெரியாமல் உறிஞ்சிவிடும்.

பசை காய்ந்ததும் புதியதை மாட்டியிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதன் அளவும் வேண்டுமே! அதனால் பழைய குழாயைக் கழற்றுமுன் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மோட்டாரை அணைத்தார்.

தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. இரண்டு விரல் இறங்கியது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சலசலப்புக் கேட்டது.

"என்னங்க, கால்ல ஈரம்!" என்று மனைவி கத்தினாள்.

அவர் பாய்ந்து மோட்டாரைப் போட்டார். கீழ்த்தொட்டி விளிம்புவரை நிரம்பி, பெட்டியின் அடிப்பலகையில் வழிந்து, சுவரோரம் கீழ்வீட்டுக்குக் குழாய் இறங்கும் ஓட்டையை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மனைவி துணியால் அணைகட்டினாள். சற்று நேரத்தில் மட்டங்கள் பழையபடி ஆயின. எதுவுமே நடக்காததுபோல மேனேஜர் சுற்றி வந்தார்.

நகல் சார் எழுந்து அலமாரியைத் திறந்தார். அவருடைய கோப்புகள் ஆள்வாரியானவை. யார்மீது புகாரோ அவர் பெயரில் ஒரு கோப்பு. மின் அலுவலகக் கோப்பில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கால்மணி நேரம் மின்சாரம் நிற்கும் என்ற அறிவிப்பும், அது முன்கூட்டி வரவில்லை என்று இவர் எழுதிய கண்டனமும் இருந்தன. தச்சர் கோப்பில், அதே வாரம் பெட்டியின் அடிப்பலகை ஊதிவிட்டது, மரம் மட்டமானது என்று எழுதிய புகார் இருந்தது. தொட்டிக் குறிப்பேட்டில் அன்று மாலைத் தேதியில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'நீர் இரண்டு விரல் குறைவு. காரணம்: ஆவியாதல்.' அதற்கு மேல்வரி: 'நாள் முழுதும் மழை.'

மூன்றையும் தரையில் தேதிவாரியாக வைத்துப் பார்த்தார். அன்று ஆளில்லாத வீட்டில் மின்சாரம் நின்று மோட்டாரும் நிற்க, பழைய குழாய் தன் வாய் இருந்த நான்கு விரல் ஆழம்வரை தண்ணீரைக் கீழே இறக்கியிருக்கிறது. ஏழு மாதங்களில் ஒருமுறைகூட அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்லை.

"மழையில ஆவியாச்சா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"இன்னொரு கடிதம் எழுதணும்."

"யார் மேல?"

"என் மேலதான்."

"நாளைக்குக் கூட்டம் இருக்குங்க. இதச் சொன்னா தொட்டி போயிடும்."

"போகலாம்" என்றார். தொட்டியைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

முதலில் புதிய குழாயைப் பொருத்தினார். பிறகு இரண்டு பக்கக் கடிதமும் மூன்று இணைப்புகளுமாகக் கீழே இறங்கினார். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவுடன் இயந்திரத்தின் முன் இருந்தாள். கடிதத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "கண்ணாடியத் தேடணும் சார். வாயாலயே சொல்லுங்க" என்றாள்.

அவர் நின்றபடியே சொன்னார். மின்சாரம், நான்கு விரல், அடிப்பலகை, ஆவியாதல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"அப்ப தொட்டிக் கண்ணாடி ஒழுகல, நீங்க சொன்னது சரிதான்."

"அது சரி. தண்ணி என்னோடதுதான்."

"ஏழு மாசமா மாடிப்படியில என்னப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே, அதுக்கும் சேர்த்தா இந்தக் கடுதாசி?"

நகல் சார் சற்று யோசித்தார். "அது இணைப்புல இல்லம்மா. சேர்த்துடறேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு நாள் வேலை போச்சு, மறுபடி துவைச்சுத் தேய்ச்சேன். அதுல எனக்குக் கோவம் இல்ல. ஒரு வார்த்தை வந்து கேட்கலையேன்னுதான். வாங்க, அந்தக் குழாயக் காட்டுங்க. என் தலைக்கு மேல இருக்கு, நானே பார்த்துக்கறேன்."

மேலே வந்ததும் மோட்டார் சுவிட்சைத் தானே அணைத்தாள். தண்ணீர் ஒரு விரல் இறங்கி, கோப்பை வாயின் விளிம்பில் நின்றது. மூவரும் குனிந்து கீழ்த்தொட்டியைப் பார்த்தார்கள். விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். குழாய்க்குள்ள தண்ணி அப்படியே நிக்குது, பாருங்க."

சுவிட்சைப் போட்டாள். நீர் மெல்ல ஏறியது. குழாய் ஒருமுறை விக்கிவிட்டுத் தானாக ஓடத் தொடங்கியது. அவள் மறுபடி அணைத்தாள். மறுபடி போட்டாள். ஐந்தாவது முறையில் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "விடுங்கம்மா, மேனேஜருக்குத் தலை சுத்தும்" என்றாள்.

காப்பியைக் குடித்துக்கொண்டே தையல்காரம்மா மீந்த குழாய்த் துண்டுகளைக் கண்ணால் அளந்தாள். "இதுல நூல்கண்டு மாட்ட ஒரு ஸ்டாண்டு பண்ண முடியுமா அண்ணே?"

சார் என்பது அண்ணே ஆனதை அவர் கவனித்தார். "எத்தன கண்டு?"

"இருபத்தி நாலு."

அவர் உடனே குறிப்பேட்டைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தையல்காரம்மா எழுந்து, "நான் அஞ்சு தடவ அணைச்சுப் பார்த்துட்டேன், தொட்டி இருக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். செயலாளர், "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று எல்லாரையும் பார்த்தார். நகல் சாரின் மடியில் கோப்பு இருந்தது. அன்று செயலாளர் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது தவறு என்று இன்னும் நம்பினார். அதற்கு அத்தாட்சியும் இருந்தது. ஆனால் கோப்பின் நாடாவை அவிழ்க்கவில்லை.

தச்சருக்கும் மின் அலுவலகத்துக்கும் புகாரைத் திரும்பப் பெறும் கடிதங்கள் திங்களன்று மனைவியின் தபால் நிலையத்திலிருந்தே போயின. நூல்கண்டு ஸ்டாண்டு இரண்டு மாலைகளில் முடிந்தது. அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியபோது, பக்கத்து ஆணியில் தாளில் வெட்டிய ஒரு காலர் அச்சு தொங்கியது. அதில் அவர் கையெழுத்து இருந்தது: 'மேற்படி நீர் அடியேனுடையதே என்பதை'. மீதி வரி, கழுத்து வளைவோடு போயிருந்தது.

"ஐயோ, முக்கியமான தாளா அண்ணே? கெட்டியா இருந்துச்சு, வெட்டிட்டேன்."

"பரவால்லம்மா" என்றார் நகல் சார். "என்கிட்ட நகல் இருக்கு."