பருத்தித்துறைக்கு அப்பால் ஒரு கிணறு

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆவணி விடுமுறை. காங்கேசன்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை கடற்கரையோரமாக நடப்பதென்று எங்கள் பள்ளிக்கூட வாத்திமார் மூன்று பேர் வெளிக்கிட்டோம். யோசனை விஞ்ஞான வாத்தியாருடையது. பயிற்சிக்குச் சீமை போய் வந்தவர். அங்கே மனிதர் பொழுதுபோக்குக்காக நடப்பார்களாம். இங்கே பஸ்சுக்குக் காசில்லாதவர்கள்தான் நடக்கிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டதேயில்லை. காக்கிக் காற்சட்டை, கழுத்தில் விசில், கையில் திசைகாட்டி. இடப்பக்கம் கடல் கிடக்கும்போது திசைகாட்டி எதற்கென்று கேட்டேன். விசிலை ஒருதரம் ஊதிவிட்டு முன்னால் நடந்தார். கூட வந்த மற்றவர் சங்கீத வாத்தியார், பருத்த உடம்பு, அதிகம் கதைக்காதவர்.

பருத்தித்துறை வரைக்கும் தண்ணீர் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. மயிலிட்டியிலும் அதற்கப்பாலும் அடிக்கொரு தேத்தண்ணிக்கடை. அதனால்தானோ என்னவோ, தண்ணீரை மிச்சம் பிடிப்பது பற்றி விஞ்ஞானம் வழிநெடுகப் பாடம் நடத்தியது. மறுநாள் மணல்வெளி தொடங்கியதும் அதே ஆள் தன் போத்தலைக் கவிழ்த்து கைலேஞ்சியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் போத்தல்களைக் குடித்து முடித்தார்.

"பயப்பிடாதையும். பறவை போற திசையிலை தண்ணி இருக்கும். புத்தகத்திலை கிடக்கு."

காகங்கள் பறந்த பக்கம் போனோம். வெயிலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஆளுமில்லை, தண்ணியுமில்லை. புத்தகம் எழுதியவர் எங்கள் காகங்களைக் கண்டிருக்க மாட்டார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிய நேரத்தில் பனங்கூடலுக்குள் ஒரு கல்வீடு தெரிந்தது. முற்றத்தில் துலாக்கிணறு. வீட்டுக்காரர் நெற்றி நிறையத் திருநீற்றோடு படலைக்கு வந்தார்.

"வாத்திமாரோ? வாங்கோ, வாங்கோ. நானும் தலைமை வாத்தியாராய் இருந்து பென்சன் எடுத்தனான்."

தானே துலாவை இழுத்து அள்ளினார். செம்புகளை நிறைத்துக்கொண்டே, எவடம், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். விஞ்ஞானத்தின் அப்பா பிரக்கிராசி, கோட்டில் வழக்குப் பேசுபவர். சங்கீதத்தின் அப்பா உடுவிலில் தோட்டம் செய்பவர். என் முறை வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரத்தில் யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு செம்புத் தண்ணீருக்காக அப்பாவை ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை.

"பனையிலை ஏறிக் கள்ளுச் சீவிறவர்," என்றேன்.

அவர் மற்ற இருவரிடமும் ஆளுக்கொரு செம்பை நீட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்து அதை வேலியோரத்தில் நிலத்தில் வைத்தார்.

"நீர் அதிலை பிடியும், நான் எட்டத்திலை நிண்டு வார்க்கிறன். குறை நினையாதையும். எனக்கு ஒண்டுமில்லை, ஊர் வழக்கம்."

சற்றுமுன் 'வாங்கோ' என்ற வாய். இத்தனை காலம் எத்தனை பிள்ளைகளுக்கு நீதி நூல் படிப்பித்திருக்கும் அந்த வாய். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவர்கள்தான் அந்த வழக்கத்தைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்கள்.

விஞ்ஞானம் அதற்குள் ஒரு செம்பை முடித்துவிட்டது. "விடும். வந்த இடத்திலை கொழுவக் கூடாது. தண்ணி தண்ணிதானே," என்றார்.

"அப்ப சிரட்டையை நீர் எடும், செம்பை இஞ்சாலை தாரும்."

அவர் அடுத்த செம்பையும் குடித்தார். சங்கீத வாத்தியார் வாய்வரை கொண்டுபோன செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, "வாரும், போவம்," என்று எனக்கு முன்னால் படலையைத் திறந்தார்.

நடக்க நடக்கக் கால் மணலில் புதைந்தது. சோளகக் காற்று முகத்தில் மணலை அள்ளி எறிந்தது. கடைசியில் கரையோரம் ஒரு மீன்வாடியின் ஓலைக் கொட்டில்கள் வந்தன. மீன்பிடிக் காலத்துக்கு மட்டும் மயிலிட்டியிலிருந்து வந்து தங்குபவர்கள். அடித்தட்டில்லாத பீப்பாய் ஒன்றை மணலில் இறக்கியிருந்தார்கள். அதற்குள் தண்ணீர் ஊறிக் கிடந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கை போறியள்?"

"சுண்டிக்குளம்."

"ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை, சும்மா நடக்கிறம்."

"சும்மாவோ?" என்று வலைக்குத் திரும்பினாள். எங்கள் பயணத்தைப் பற்றி அதைவிடச் சரியான மதிப்புரையை நான் கேட்டதில்லை.

"குடிக்க முன்னம் சொல்லிப்போடுறன். நான் கள்ளுச் சீவிறவற்றை மகன்."

"அதை ஆர் கேட்டது? பீப்பாய்க்குள்ளை மண் விழாமல் அள்ளுங்கோ."

தண்ணீர் லேசாக உவர்த்தது. இருவரும் வயிறு முட்டக் குடித்தோம்.

பின்னால் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. "உமக்கும் கொண்டு வந்தனான், நல்ல தண்ணி," என்று போத்தலை நீட்டினார். வாங்கிக் கால் கழுவினேன். அவர் முகம் போன போக்கை விவரித்து நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

வழியிலிருந்த நாகர்கோவில் கிராமத்தில் குதிக்கால் கொப்புளம் என்று சொல்லி அவர் மீன் லொறி ஒன்றில் ஏறிவிட்டார். நாங்கள் இருவரும் வாடிக்கு வாடி தண்ணீர் கேட்டுக் குடித்து, மறுநாள் சுண்டிக்குளம் போய்ச் சேர்ந்தோம்.

பள்ளிக்கூடம் தொடங்கியதும், தான் முழுத்தூரமும் நடந்ததாகவும் வழியில் ஒரு பெரியவர் காட்டிய விருந்தோம்பலை மறக்கவே முடியாதென்றும் விஞ்ஞான வாத்தியார் பிள்ளைகளுக்குப் பேசினார். அன்று வாத்திமார் அறையில் தேத்தண்ணி குடிக்கும்போது சங்கீத வாத்தியார் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

"லொறியிலை காத்து நல்லாய் அடிச்சதோ?"

விஞ்ஞானம் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது.