சுற்றுலாக்காரனுக்கான பாஸ்

இங்கே ஜெர்மனியில் ரயில் நிலையத்துக்குத் தடுப்புக் கம்பி கிடையாது, சீட்டு பார்க்க வாசலில் ஆளும் கிடையாது. யார் வேண்டுமானாலும் நடந்துபோய் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அடேயப்பா, என்ன நம்பிக்கை என்று முதல் வருடம் நானும் வாயைப் பிளந்தேன். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. தாராளமாக ஏறவிட்டு, வண்டி வேகமெடுத்த பிறகு எல்லார் முன்னாலும் வந்து கேட்பார்கள். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஆலையில் கேட்டிலேயே அட்டையைத் தேய்த்து, சோற்று டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். அசிங்கம்தான், ஆனால் அங்கேயே முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸிலும் அந்த அட்டையைக் காட்டி ஏறி உட்கார்ந்தால் அப்புறம் ஒருவனும் கேட்கமாட்டான். பாஸ் என்றால் எனக்கு அதுதான்.

என் மனைவி செல்வி பிள்ளைப்பாக்கத்திலிருந்து மூன்று வாரம் இங்கே வருவதாக இருந்தது. சுற்றிப் பார்க்க என்று பெயர். உண்மையில், மகளோடு இங்கேயே குடிவருவதா வேண்டாமா என்று அவள் முடிவுசெய்ய வேண்டும். நாலு நாட்டைக் காட்டி மயக்கிவிடலாம் என்று நினைத்தேன். "ரெண்டு ஊரு பாத்தா போதும்ங்க. முன்னாடியே எடுத்தா சல்லிசா கெடைக்குதாமே, தனித்தனியா டிக்கெட் எடுத்துடுங்க" என்று போனில் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நினைத்த வண்டியில் ஏற பாஸ் வேண்டும் என்ற திமிர். ஆனால் ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு விற்கும் பல நாட்டு ரயில் பாஸ், அவரவர் குடியிருக்கும் நாட்டுக்குள் செல்லாதாம். என்ன கண்றாவிச் சட்டமோ! வெளியிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களின் பாஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். ஊர் ரேஷன் கார்டில் இன்னும் என் பெயர் இருக்கிறது. பிறகென்ன? மச்சானை விட்டுச் சென்னையிலேயே எங்கள் இருவருக்கும் சுற்றுலாக்காரர் பாஸ் வாங்கி, செல்வியிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். வசிக்கும் நாடு என்ற இடத்தில், கை கூசாமல், இந்தியா.

முனிச் போகும் வண்டியில் பரிசோதகர் அம்மாள் வந்தார். செல்வியின் பாஸைப் பார்த்துச் சிரித்தார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டியவர், அதில் ஒட்டியிருந்த குடியிருப்பு அனுமதியில் விரலை வைத்தார்.

"எங்கே வசிக்கிறீர்கள்?"

"பிள்ளைப்பாக்கம், இந்தியா."

"பிறந்த ஊரைக் கேட்கவில்லை. இன்று காலை எந்த வீட்டிலிருந்து கிளம்பினீர்கள்?"

அதற்கும் நான் பிள்ளைப்பாக்கம் என்றேன். தூ! என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. எதிர் இருக்கைக்காரர் நாய்க்குட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பாஸைப் பிடுங்கி, அபராதச் சீட்டைக் கொடுத்து, அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். செல்வியும் கூடவே இறங்கினாள்.

நடைமேடையில் நின்று அந்த அம்மாளையும் இந்த நாட்டையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். செல்வி கடைசிவரை கேட்டாள்.

"அந்தம்மாவ ஏன் திட்றீங்க? ஊருக்கு வந்துடுங்கன்னு நான் கூப்டா, இனிமே இதாண்டி நம்ம ஊருன்றீங்க. டிக்கெட்டுக்காரங்க கேட்டா மட்டும் பிள்ளைப்பாக்கமா?"

அதன் பிறகு எனக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்தோம். முனிச்சில் எதைக் காட்டினாலும் "ம்" என்றாள். ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்தில், "பாப்பா அங்கியே படிக்கட்டும்ங்க" என்றாள். நானும் சரி என்றேன்.

போன வாரம், வேலைக்குப் போக நடைமேடையில் நின்றிருந்தபோது கூப்பிட்டாள். ரேஷன் கார்டில் புது வருடத்துக்கு உள்தாள் ஒட்டப் போயிருக்கிறாள்.

"வூட்டுக்காரரு இங்கதான் கீறாரான்னு கடைக்காரரு கேட்டாரு. கீறாருன்னுட்டேன். அவரு பாஸ்போர்ட்டுலாம் பாக்கல. உங்க பங்கு சக்கரையும் சேத்துதான் போட்டாரு." அப்புறம்தான் கேட்டாள்: "அடுத்த வருசம் கேட்டா இன்னா சொல்லட்டும்?"

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பரிசோதகர் யாரும் வரவில்லை. காதில் செல்விதான், "இன்னா சொல்லட்டும்ங்க?" என்று திரும்பவும் கேட்டாள்.